நண்பரின் போர்ஷே

தலைநகரில் குடியேறிய நம்மவர்களின் கார் ஜாதகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஆபீஸ் கடனில் ஒரு மாருதி 800, அதுவும் யாரோ ஓட்டிக் களைத்தது. பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு வாகன் ஆர். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்க ஆரம்பித்ததும் டிக்கி பெரிதாக உள்ள ஏதோ ஒன்று. இந்த வரிசையில் போர்ஷே என்ற பெயருக்கு இடமே கிடையாது. எங்கள் சொசைட்டியில் பாதிப் பேர் அதைப் 'போர்ச்' என்றுதான் சொல்வார்கள், வீட்டு வாசல் போர்ட்டிகோவைச் சொல்வதுபோல.

எனக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் ஏற்பட்டது ஒரு நண்பரால். கோயமுத்தூர்க்காரர். மயூர் விஹாரில் எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருபத்திரண்டு வருஷமாக இருந்தவர். கோவை பம்புசெட்டுகளைத் தில்லியிலும் ஹரியாணாவிலும் விற்றுவந்தார். வியாபாரம் நன்றாக இருந்த 2012ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு போர்ஷே கேமன் எஸ் வாங்கினார். இப்போது கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவதென்று தீர்மானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க வந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வெளி ஆளுக்குன்னா இருபத்தேழுங்க. உங்களுக்கு இருபத்து நாலு. யோசிச்சுச் சொல்லுங்க."

லட்சத்தில்தான். அப்போது என்னிடம் அந்தப் பணம் இருந்தது, அதுதான் தொல்லை. கும்பகோணம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையை விற்று, பாங்கில் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்ட என் மனைவி, "மனைய வித்து டயர்ல போடப் போறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பெண்ணின் மேல்படிப்பும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

இது சும்மா பணக்காரப் பகட்டுக்கு வாங்கிய வண்டியல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நண்பர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது அவர் மாமா சென்னைக்கு அழைத்துப்போய்ச் சோழவரம் பந்தயத்தைக் காட்டியிருக்கிறார். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. அதில் அந்தக் காலத்தில் கார்கள் பறந்ததைச் சொல்லும்போது அவருக்கு இன்றைக்கும் குரல் மாறும். ஃபார்முலா மாருதி வண்டிகளைக் கட்டிய கரிவர்தன் அவர் ஊர்க்காரர். 1995இல் கரிவர்தன் இறந்த பிறகு, கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். 2011 அக்டோபர் 30ஆம் தேதி கிரேட்டர் நோய்டாவில் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது நண்பர் குடும்பத்தோடு போய், காது அடைக்க அடைக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஏப்ரலில் கேமன் வீட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் போய் "வண்டி எப்படி ஓடியிருக்கு?" என்று கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லை எண்ணுவது மாதிரி.

வண்டியைப் பற்றி. 3,436 சி.சி. எஞ்சின். ஆறு சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 320 குதிரைச் சக்தி. எஞ்சின் முன்னாலும் இல்லை, டிக்கியிலும் இல்லை. ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. இருக்கை இரண்டே இரண்டு. (அம்மாவை எங்கே உட்காரவைப்பது என்று என் பெண் கேட்டாள்.) நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து விநாடி சொச்சம். உச்ச வேகம் 270க்கும் மேலே. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் கார்களுக்கு அனுமதித்த வேகம் 100. மிச்சமுள்ள 170ஐ என்ன செய்வதென்பது ஆராய்ச்சிக்குரியது.

நண்பரிடம் வாங்குவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. விலையைச் சொல்லவில்லை, வரலாற்றைச் சொல்கிறேன். வண்டி எங்கே நின்றது, யார் ஓட்டினார்கள், எப்போது இடித்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கேமன் எங்கள் சொசைட்டி அடித்தளத்தில் உறைபோட்டு நின்றதை தினமும் பார்த்திருக்கிறேன். 2012இலிருந்து ஒவ்வொரு பில்லும் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தது. ஆனால் உறைபோட்டு நின்ற வண்டியின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று நண்பருக்கே தெரியாது. ஆகவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவதாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"என்னைய நம்பலைங்களா?"

"உங்களை நம்பறேன். ரேடியேட்டரை நம்பலை."

சிரித்தார். ஆனாலும் சோதனைக்கு வந்த அன்று எங்களோடு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

மாயாபுரிப் பக்கம் ஒரு சர்தார்ஜி இருக்கிறார். ஜெர்மன் வண்டிகளை மட்டும்தான் தொடுவார். சோதனைக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்டார், நானே கொடுத்தேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் அவர் செய்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் பானெட்டைத் திறக்கவில்லை (திறந்தாலும் அங்கே எஞ்சின் இல்லை). ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, எஞ்சின் கம்ப்யூட்டர் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியதாகக் கணக்கு வைத்திருக்கிறது என்று பார்த்தார். 1,150 மணி. மீட்டர் காட்டியது 31,400 கிலோமீட்டர். வகுத்தால் மணிக்கு 27 கிலோமீட்டர். "தில்லி டிராஃபிக்கில் ஓடிய வண்டிக்கு இதுதான் சரியான சராசரி, மீட்டரில் யாரும் கை வைக்கவில்லை" என்றார். மீட்டரைத் திருப்புகிற ஆசாமிகள் பல பேர் இந்த மணிக்கணக்கை மறந்துவிடுவார்களாம்.

அடுத்து முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் விளக்கைப் பாய்ச்சினார். இந்த வண்டிக்கு ரேடியேட்டர்கள் அங்கேதான், தரைக்கு ஒரு சாண் உயரத்தில். உள்ளே பதினான்கு வசந்த காலத்து வேப்பிலை! காற்று இழுத்துக்கொண்டுபோய் அடைத்து, மழையில் நனைந்து மக்கி, அலுமினியத்தை அரித்திருந்தது. ஏ.சி. கண்டென்சரும் அதே கதி. நண்பர் ஒரு நாள்கூடச் சர்வீஸ் தவறியவர் அல்ல. ஆனால் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு டயர். பட்டன் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது. சர்தார்ஜி குனிந்து பக்கச் சுவரில் நாலு எண்களைக் காட்டினார்: 3817. 2017ஆம் வருஷத்தின் 38ஆவது வாரம் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், கெட்டிப்பட்டு, மழையில் பிடி விடும். இருநூறைத் தொடக்கூடிய வண்டிக்கு அது விளையாட்டில்லை. முன் டயரும் பின் டயரும் வேறுவேறு அளவு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு மிச்சம் பிடிக்கவும் முடியாது. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானால் உள்ளே ஊற்ற ஒரு பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான்.

நல்ல செய்தியும் இருந்தது. 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன் எஞ்சின்களில் நடுத் தண்டு ஒன்றைத் தாங்கும் ஒரு பேரிங் உண்டு. அது உடைந்தால் முழு எஞ்சினும் போச்சு. 2009 மாடலில் புதிய எஞ்சின் வந்தபோது அந்தத் தண்டையே நீக்கிவிட்டார்கள். நண்பருடையது பின்னது. சிலிண்டர்களுக்குள் மெல்லிய காமிரா விட்டுப் பார்த்ததில் கீறலும் இல்லை. "எஞ்சின் ராஜா. ராஜாவுக்குச் செருப்பும் மூக்கும்தான் சரியில்லை" என்று இந்தியில் தீர்ப்புச் சொன்னார் சர்தார்ஜி.

செருப்புக்கும் மூக்குக்கும் அவர் எழுதித் தந்த கணக்கு: டயர் நான்கு, 1.9 லட்சம். ரேடியேட்டரும் கண்டென்சரும் 2.2. கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் எண்ணெய் வகையறா 1.1. முன் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம்கள் 1.6. ஆக 6.8 லட்சம்.

அதைவிட என்னை உட்காரவைத்தது நண்பரின் கோப்பு. கடைசி மூன்று வருஷத்துச் செலவுகளை இன்ஷூரன்ஸ் உட்படக் கூட்டிப் பார்த்தேன். வருஷத்துக்குச் சராசரி 2,70,000 ரூபாய். ஓடியது வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர். பெட்ரோலைச் சேர்க்காமலே கிலோமீட்டருக்கு 135 ரூபாய். இந்த மாதிரி வண்டிகளின் விலை வருஷா வருஷம் இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. 24 லட்சத்துக்கு வாங்கினாலும் பராமரிப்பது புது விலைக்காரனின் செலவில்தான்.

பெட்ரோலிலும் ஒரு சிக்கல். இந்தக் காருக்குப் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தால் சரி என்பதுதான் கம்பெனிக் கணக்கு. 2025க்குள் நம் பங்குகளில் இருபது சதவீதக் கலப்பு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த வண்டிகள் பெரும்பாலும் அதற்காகச் செய்தவை அல்ல. பழைய ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும்தான் கவலை. ஓடாமல் நிற்கிற வண்டிக்கு அந்தக் கவலை இன்னும் கொஞ்சம் அதிகம்.

இனி, தில்லியில் வண்டி வைத்திருக்கும் நம் எல்லோருக்குமே உள்ள தலைவலிக்கு வருகிறேன். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிகள் இங்கே ஓடக்கூடாது என்றது. 2015இல் டீசலுக்குப் பத்து என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொல்லிற்று. டிசம்பரில் அந்தச் சலுகையை பிஎஸ்-4ம் அதற்கு மேற்பட்டவையும்தான் பெறலாம் என்று சுருக்கியது. தில்லியில் 2010 ஏப்ரலிலிருந்தே பிஎஸ்-4 என்பதால் நண்பரின் கேமன் பிழைக்கிறது. ஆனால் அதற்குப் பதினைந்து வயது முடிவது 2027 ஏப்ரலில். இடைக்கால உத்தரவை நம்பிக் கல்யாண மண்டபம் பிடிக்கலாமா? நோய்டாவுக்கோ குர்காவுக்கோ மாற்றிக்கொண்டாலும் பயனில்லை. தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் அதே சட்டம்.

"அப்ப நீங்களே ஊருக்கு எடுத்துப் போகலாமே?" என்று நண்பரிடம் கேட்டேன். அவர் அதைப் பார்க்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு வாழ்நாள் வரி இருபது சதவீதம். வெளி மாநிலத்துப் பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். ஆனால் கணக்கு வைப்பது இன்றைய விலையில் அல்ல, அசல் பில் விலையில். ஓய்வுபெற்று ஊர் திரும்ப நினைக்கும் நம் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். "அதுவுமில்லாம, பேரூர் வீட்டுச் சந்துல அது வயித்தத் தேச்சுக்கும்ங்க" என்றார்.

நண்பர்களுக்குள் கைமாறும் வண்டியில் காகித வேலையைத் தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம். "நம்ம ஆளுதானே, மெதுவா மாத்திக்கலாம்." இதில் வாங்குகிறவனுக்கு ஆபத்து குறைவு, விற்கிற நண்பனுக்குத்தான் அதிகம். வண்டி கை மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்தின் நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 29, 30ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வது நட்புக்கு அழகல்ல. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளில். இன்ஷூரன்ஸை மாற்றப் பதினான்கு நாள். அதற்குள் மாற்றாவிட்டால் மூன்றாம் நபருக்குப் பாதுகாப்பு இருக்கும், சொந்த வண்டி அடிபட்டால் கை விரிப்பார்கள். நோ க்ளெய்ம் போனஸ் ஆளோடு போகும், வண்டியோடு வராது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017லிருந்து வருமானவரிச் சட்டம். பழைய சாலான் பாக்கி, ஃபாஸ்டேக், பாங்கு அடமானம் தீர்ந்ததற்கான 35ஆம் நம்பர் படிவம் இவற்றையும் பணம் கொடுப்பதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும், பிறகு அல்ல.

இவ்வளவும் தெரிந்த பின் ஒரு நாள் மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன். சர்தார்ஜியின் கணக்கை அவர் முன்னால் வைத்தேன். இருபத்து நாலில் இந்த 6.8 போக, பதினேழுதான் என்னால் முடியும் என்றேன். அவர் காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், "வேப்பெலையா?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

எட்டு நாள் லிஃப்டில் பார்த்தாலும் வெறும் தலையசைப்புத்தான். ஒன்பதாம் நாள் போன் வந்தது. "சரிங்க, பதினேழுக்கே எடுத்துக்குங்க. லாரி புக் பண்ணிட்டேன், வீட்ட காலி பண்ணணும்."

பொய் சொல்லமாட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். எஞ்சின் ராஜா பதினேழுக்கு! டயரும் ரேடியேட்டரும் போட்டாலும் இருபத்து நாலைத் தாண்டாது. காலையில் ரேடியேட்டர் கிடைக்குமா என்று சர்தார்ஜிக்குப் போன் செய்தேன். அவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். சண்டிகரில் அவருக்கு ஒரு வாடிக்கையாளர், டாக்டர். இதே மாடலை, எல்லா பில்லோடும் இருக்கிற ஒன்றை, ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே தலைநகரின் பதினைந்து வருஷக் கத்தி இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். (இறக்குமதி கார்களுக்கு 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 40,000 ஆக்கினார்கள். டாக்டருக்கு அது பொருட்டில்லை.) "அவர் இருபத்திரண்டு தாராளமாகக் கொடுப்பார். நீங்கள் வாங்கி அவருக்கு விற்றால்கூட லாபம்" என்று சிரித்தார்.

எனக்கு ஒரு வருஷ ஆயுளுள்ள வண்டி, டாக்டருக்குப் பல வருஷ வண்டி. தில்லிக்காரன் கொடுக்கும் விலையையே நண்பர் உலக விலை என்று எண்ணி இறங்கி வந்திருக்கிறார். ஊருக்குப் போகிற அவசரம் வேறு. மனைவியிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே, "மேல போய்ச் சொல்லிட்டு வாங்க, தோசை வார்க்கறேன்" என்றாள்.

போய்ச் சொன்னேன். டாக்டர் வந்தார், தானே ஒரு சோதனை செய்துகொண்டார், அதே வேப்பிலையை அவரும் பார்த்தார். இருபத்திரண்டரைக்கு முடிந்தது. 28ஆம் நம்பர் படிவம் கொடுத்து, தில்லி ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று கைக்கு வந்து, பணம் முழுதும் பாங்கில் ஏறிய பிறகுதான் சாவி என்று நண்பர் பிடிவாதமாக இருந்தார். நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னையும் அழைத்தார். இரண்டே இருக்கை என்பதற்கு அன்றுதான் ஓர் அர்த்தம் கிடைத்தது. விடியற்காலையில் ஜி.டி. ரோடு, முர்த்தலில் வெண்ணெய் வழிகிற பராட்டா. பானிபட் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, "நீங்க ஓட்டுங்க" என்றார். கர்னால், குருக்ஷேத்திரம், அம்பாலா வரைக்கும் நான்தான். தொண்ணூறைத் தாண்டவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு லாரியைக் கடக்க மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் எழுந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலை சதாப்தியில் திரும்பினோம். சூப்பும் குச்சி ரொட்டியும் வந்தபோது, டாக்டருக்குக் கோப்பைக் கொடுத்தாயிற்று, ஆனால் 2012 ஏப்ரல் பில்லின் ஒரு நகலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டதாகச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் கோவை போய்ச் சேர்ந்தார். மனை விற்ற பணம் பாங்கில்தான் இருக்கிறது. கீழே நிற்கும் எங்கள் ஸ்விஃப்டின் டயரில் குனிந்து பார்த்தேன்: 2118. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலையும் மாற்ற வேண்டும்.